பேட்ஜ் குத்தியவர்களும் குத்தாதவர்களும்

சனி, சிகாகோ

சிகாகோ பல்கலைக்கழகத்தில் எல்லிஸ் அவென்யூ ஓரமாக ஹென்றி மூர் செய்த வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் மண்டையோடு, கொஞ்சம் நகர்ந்து பார்த்தால் அணுகுண்டுப் புகை. 1942 டிசம்பர் 2 அன்று இந்த இடத்தில் இருந்த ஸ்டாக் ஃபீல்டு மைதானத்தின் மேற்கு மாடத்துக்குக் கீழே இயற்பியலாளர் ஃபெர்மியும் அவர் குழுவும் உலகின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டினார்கள். மைதானமும் இல்லை, மாடமும் இல்லை. சிலையைச் சுற்றி மாணவர்கள் காபி கோப்பையோடு போய்க்கொண்டிருந்தார்கள்.

ஃபெர்மி கதை எல்லாருக்கும் தெரியும். நான் தேடி வந்தது ராபர்ட் ஸ்டோன் என்ற டாக்டரின் கதையை. சான் பிரான்சிஸ்கோவில் ரேடியாலஜிஸ்டாக இருந்தவரை 1942 ஆகஸ்டில், உலை ஓடுவதற்கு முன்பே, இங்கே கூப்பிட்டு அணுகுண்டுத் திட்டத்துக்கு ஒரு சுகாதாரப் பிரிவைத் தொடங்கச் சொன்னார்கள். வேலை செய்பவர்களின் ரத்தத்தைச் சோதிக்க மருத்துவர்கள், கதிர்வீச்சை அளக்க இயற்பியலாளர்கள், விலங்குகளில் ஆராய உயிரியலாளர்கள் என்று அதில் மூன்று கை.

நாகர்கோவிலில் பல வருடம் எக்ஸ்ரே டெக்னீஷியனாக இருந்தவன் நான். சட்டைப் பையில் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் பேட்ஜ் இல்லாமல் ஒரு நாளும் வேலைக்குள் போனதில்லை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை அது அளக்கப் போகும், எண் திரும்பி வரும். அந்த வழக்கத்தின் மூதாதை இங்கேதான். எர்னெஸ்ட் வோலன் என்ற காஸ்மிக் கதிர் ஆய்வாளர் ஒரு துண்டு ஃபிலிமை உலோகத் தகட்டுக்குள் வைத்துச் சட்டையில் குத்தும்படி வடிவமைத்தார். ஃபிலிம் எவ்வளவு கறுக்கிறதோ அவ்வளவு கதிர் பட்டிருக்கிறது என்று கணக்கு.

அப்போது அனுமதித்த அளவு ஒரு நாளைக்கு 0.1 ராண்ட்ஜன் (கதிர்வீச்சின் அந்தக் கால அலகு). 1934இல் எக்ஸ்ரே, ரேடியம் வேலைக்காரர்களுக்காக வகுத்த எண்ணையே எடுத்துக்கொண்டார்கள். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட். இந்தியாவில் எங்களுக்கு வருடச் சராசரி வரம்பு 20 மில்லிசீவர்ட். எங்கள் ஒரு வருடக் கணக்கை ஸ்டோனின் ஆட்கள் இருபது வேலை நாளில் தொட்டுவிடலாம், யாரும் விதியை மீறவில்லை என்றே பதிவாகும்.

என்னோடு வருவது அக்கா மகன். இங்கேதான் மென்பொருள் வேலை. "மாமா, ஊர் சுத்திப் பாக்க வந்துட்டு யாராவது அணு உலைக்குப் போவாங்களா?" என்று விமான நிலையத்தில் கேட்டவன், இரவு படுக்கும்போது ஸ்டோனைப் பற்றித் தானாகவே போனில் தேடிக்கொண்டிருந்தான். பிழைத்தேன்.

ஞாயிறு, ஓட்டாவா (இல்லினாய்)

கனடாவின் ஓட்டாவா இல்லை. சிகாகோவிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் சின்ன ஊர். தெரு முனையில் ஒரு இளம்பெண்ணின் வெண்கலச் சிலை. ஒரு கையில் தூரிகை, மறு கையில் டூலிப் பூ. 2011இல் வைத்தார்கள். பள்ளி மாணவி ஒருத்தி எடுத்த முயற்சி அது, அவள் அப்பாவே சிற்பி.

1920களில் ரேடியம் டயல் கம்பெனி இங்கே நடந்தது. இருட்டில் ஒளிரும் கடிகார முகப்புகளுக்கு எண் தீட்டும் வேலை. ரேடியமும் துத்தநாக சல்ஃபைடும் கலந்த சாயம். எண் மெல்லியதாக வர வேண்டும் என்று தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ரேடியம் வயிற்றுக்குள் போனது. உடம்புக்கு ரேடியம் கால்சியம் மாதிரித் தெரியும், எலும்பில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். தாடை அழுகியது, இடுப்பு எலும்பு நொறுங்கியது. கேத்தரின் டோனகு என்ற பெண் கம்பெனிமேல் போட்ட வழக்கில் 1938இல் படுத்த படுக்கையாக, வீட்டிலிருந்தபடியே சாட்சி சொன்னார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது, அந்த வருடமே இறந்துபோனார்.

அணுகுண்டுத் திட்டத்துக்கும் இந்த ஊருக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு, அதனால்தான் வந்தேன். எம்.ஐ.டி.யின் ராப்லி எவன்ஸ் இப்படி வண்ணம் தீட்டிய பெண்களையும் ரேடியம் மருந்து குடித்தவர்களையும் அளந்தார். உடலில் 0.5 மைக்ரோகிராமுக்குக் குறைவாக ரேடியம் தங்கியிருந்தவர்களிடம் பாதிப்பு தெரியவில்லை. அதிலும் இறக்கி 0.1 மைக்ரோகிராம் என்று 1941இல் வரம்பு வைத்தார்கள். பிறகு அணுகுண்டுக்காக உலையில் உண்டாக்கிய புளூட்டோனியம் வந்தபோது அதற்கு ஒரு வரம்பு வேண்டியிருந்தது. மனிதர்கள் யாரும் புளூட்டோனியம் உண்டு பார்த்ததில்லை. கையில் இருந்த ஒரே மனிதக் கணக்கு இந்தப் பெண்களுடையது. அதை வைத்து 5 மைக்ரோகிராம் என்றார்கள். விலங்குகளில் பார்த்தால் புளூட்டோனியம் எலும்பில் ரேடியத்தைவிட மோசமான இடத்தில் போய் உட்காருகிறது என்று தெரிந்ததும் 1945இல் 1 மைக்ரோகிராம் ஆக்கினார்கள். இந்த 5, 1 இரண்டையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை தேவைப்படும்.

திரும்பும் வழியில் வெஸ்ட் சிகாகோ ஊருக்குள் ஒரு சுற்று. மருமகனுக்குப் புரியவில்லை. எங்கள் மணவாளக்குறிச்சி மணல் வந்து சேர்ந்த ஊர் இது. 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டுபிடித்தார். அதில் தோரியம் இருக்கிறது, பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலுக்குத் தோரியம் வேண்டும். இங்கே லிண்ட்சே லைட் கம்பெனி திருவிதாங்கூர் மோனசைட்டை வாங்கித் தோரியம் பிரித்தது. மிச்ச மண்ணை ஊருக்குள் பள்ளம் நிரப்பவும் பூங்கா மேடாக்கவும் கொடுத்துவிட்டார்கள். பின்னாளில் அதையெல்லாம் தோண்டி எடுக்க வேண்டி வந்தது. எங்கள் கடற்கரையில் பிள்ளைகள் அந்தக் கருமணலில்தான் இன்றும் விளையாடுகிறார்கள்.

திங்கள், சாலையில்

எழுத ஒன்றுமில்லை. இண்டியானாபோலிஸ், லூயிவில், லெக்ஸிங்டன், நாக்ஸ்வில். மருமகன் ஓட்டினான், நான் தயிர்சாதம் பிசைந்து கொடுத்தேன். டென்னசி எல்லை தாண்டியதும் மலையெல்லாம் சிவப்பும் மஞ்சளும். அக்டோபரில் வந்தது நல்லதாகப் போயிற்று.

செவ்வாய், ஓக் ரிட்ஜ்

அணுகுண்டுத் திட்டத்துக்காக எழுப்பிய ஊர் இது. 1942 வரை இங்கே சில கிராமங்கள்தான். போர் முடியும்போது 75,000 பேர், சுற்றி வேலி, வாசலில் காவல். அமெரிக்க வரைபடத்தில் பெயரே கிடையாது.

எக்ஸ்-10 கிராஃபைட் உலையைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. அருங்காட்சியகத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போகிறார்கள். மருமகன் பதிவு செய்யப் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "மாமா, அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும்னு போட்டிருக்கு. உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல." சரி. கதவு மூடினால் ஜன்னல். படங்களையும் மாதிரிகளையும் பார்த்தே திருப்திப்பட்டுக்கொண்டோம்.

1943 நவம்பர் 4 அன்று ஓடத் தொடங்கி, சரியாக இருபது வருடம் கழித்து அதே தேதியில் நிறுத்தப்பட்ட உலை அது. 24 அடிக் கனசதுரமாகக் கிராஃபைட் அடுக்கி, 1,248 துளைகள் வைத்து, உள்ளே யுரேனியம் தள்ளி, விசிறிகளால் காற்றடித்துக் குளிரவைத்தார்கள். 1946 ஆகஸ்டில் இங்கிருந்துதான் முதல் கார்பன்-14 செயின்ட் லூயிஸ் நகரின் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனது. எங்கள் துறையில் பயன்படுத்திய ஐசோடோப்புகளின் வம்சம் அங்கே தொடங்குகிறது.

வோலன் சிகாகோவிலிருந்து இங்கே வந்தார். கார்ல் மோர்கனும் வந்தார், கதிர்வீச்சுப் பாதுகாப்புப் பிரிவைப் பல்லாண்டு காலம் அவரே நடத்தினார். சட்டைப் பையில் பேனா மாதிரி அயனி மானி, நெஞ்சில் ஃபிலிம் பேட்ஜ், வெளியே வரும்போது கையையும் காலையும் வைத்துப் பார்க்க ஒரு கருவி. கையில் பிடித்து அறை அறையாக அளக்கும் துப்பாக்கி வடிவ மானி ஒன்றுக்கு 'க்யூட்டி பை' என்று பெயர் வைத்திருந்தார்கள். போர்க்காலத்திலும் கிண்டலுக்குக் குறைவில்லை போல.

இவ்வளவும் பார்த்தால் 'அந்தக் காலத்தில் யாருக்கும் ஆபத்து தெரியாது' என்று நாம் சொல்லும் சமாதானம் நிற்காது. தெரிந்திருந்தது. அளந்தார்கள், நன்றாகவே அளந்தார்கள். அளந்த எண் யாருடைய கையில் கிடைத்தது என்பதில்தான் வித்தியாசம்.

எப் கேட் விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பினத் தொழிலாளி, இங்கே கட்டுமான வேலை. 1945 மார்ச்சில் கார் விபத்தில் கை கால் எலும்பு முறிந்து ராணுவ மருத்துவமனையில் கிடந்தார். ஏப்ரல் 10 அன்று அவர் நரம்பில் 4.7 மைக்ரோகிராம் புளூட்டோனியம் ஏற்றினார்கள். சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று தெரிந்தால், தொழிற்சாலையில் ஒருவர் உடம்பில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று திருப்பிக் கணக்குப் போடலாம் அல்லவா? அதற்காக. அவரிடம் கேட்கவில்லை, சொல்லவுமில்லை. எலும்புத் துண்டு எடுத்தார்கள், பற்களில் பதினைந்தைப் பிடுங்கி ஆராய்ந்தார்கள். அப்போதைய வரம்பு 5, ஊசியில் 4.7. சில மாதத்தில் வரம்பு 1 ஆகிவிட்டது. 1953இல் இதய நோயில் இறந்தார். அவரோடு சேர்த்து 1945க்கும் 1947க்கும் நடுவில் ராச்செஸ்டர், சிகாகோ, சான் பிரான்சிஸ்கோ மருத்துவமனைகளில் மொத்தம் 18 பேருக்கு இப்படிப் புளூட்டோனியம் ஏற்றப்பட்டது. 1993இல் ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்த பிறகுதான் பெயர்கள் வெளியே வந்தன. 1995 அக்டோபரில் அதிபர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஊசியால் கிடைத்த சிறுநீர்க் கணக்கு பல காலம் தொழிலாளர்களைக் காப்பாற்றப் பயன்பட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் நேர்மையில்லை. சொல்லிவிட்டு நிம்மதியாகவும் இருக்க முடியவில்லை.

புதன், இன்னும் ஓக் ரிட்ஜ்

இன்று முழுக்க சுண்டெலிக் கதை.

ஹிரோஷிமாவுக்குப் பிறகு எல்லாரும் கேட்ட கேள்வி: கதிர் பட்டவரின் பிள்ளைகள் என்ன ஆவார்கள்? பழ ஈயில் எக்ஸ்ரே மரபணுவை மாற்றும் என்று 1920களிலேயே தெரியும். ஆனால் ஈயை வைத்து மனிதனுக்கு வரம்பு போட முடியுமா? 1946இல் அலெக்சாண்டர் ஹாலண்டர் என்பவர் இங்கே உயிரியல் பிரிவைத் தொடங்கினார். 1947இல் வில்லியம் ரஸ்ஸலையும் அவர் மனைவி லியான் ரஸ்ஸலையும் அழைத்துவந்தார். லியான் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகளிடமிருந்து குடும்பத்தோடு தப்பி ஓடி வந்தபோது பதினைந்து வயதுகூட நிரம்பவில்லை.

இந்த இருவரும் கட்டிய சுண்டெலி வீட்டில் ஒரு கட்டத்தில் லட்சக்கணக்கில் எலிகள் வளர்ந்தன. அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும், கொஞ்சம் விளக்குகிறேன். உடல் நிறம், கண் நிறம், காது நீளம் போன்று கண்ணுக்குத் தெரியும் ஏழு மரபணுக்களை எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏழிலும் ஒடுங்கு வடிவம் மட்டுமே உள்ள ஒரு எலி வகையை வளர்த்தார்கள். சாதாரண எலிக்குக் கதிர் கொடுத்து, இந்த வகையோடு இணைத்தார்கள். வழக்கமாகக் குட்டிகள் எல்லாம் அப்பாவைப் போல் சாதாரணமாகவே பிறக்கும், ஓங்கு மரபணு மறைத்துவிடும் என்பதால். அப்பாவின் மரபணு ஒன்று கதிரால் கெட்டிருந்தால் மறைக்க ஆளில்லை. குட்டிக்கு வெள்ளைத் திட்டோ சின்னக் காதோ வந்து நிற்கும். நுண்ணோக்கி வேண்டாம், ரசாயனம் வேண்டாம். கூண்டைத் திறந்து ஒரு பார்வை, அவ்வளவுதான். அதனால்தான் இத்தனை எலிகளைப் பார்க்க முடிந்தது.

1951இல் முடிவு வந்தது. அதே அளவு கதிருக்கு எலியின் மரபணு மாறும் வேகம் பழ ஈயைப் போல ஏறத்தாழ 15 மடங்கு. வரம்பை இறக்க வேண்டும் என்று சொன்னவர்களுக்கு இது பெரிய பிடி. பிறகு 1958இல் இன்னொன்று: அதே மொத்த அளவை ஒரேயடியாகக் கொடுக்காமல் மெதுவாக, நாள்கணக்கில் கொடுத்தால் மாற்றங்கள் சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைகின்றன. உடம்பு கொஞ்சம் பழுது பார்த்துக்கொள்கிறது. முதல் முடிவு ஒரு கட்சிக்கு ஆயுதம், இரண்டாவது எதிர்க்கட்சிக்கு. ரஸ்ஸல் இரண்டையும் வெளியிட்டார்.

லியானின் வேலைதான் என் வேலைக்குள் நேரே வந்தது. கருவுற்ற எலிகளுக்கு எந்த நாளில் கதிர் பட்டால் குட்டிக்கு எந்த உறுப்பு கெடுகிறது என்று நாள்வாரியாகப் பார்த்தார். உறுப்புகள் உருவாகும் நாட்களில் கொஞ்சம் பட்டாலும் ஆபத்து, அந்தச் சமயத்தில் தான் கர்ப்பமாக இருப்பதே தாய்க்குத் தெரியாது. ஆகவே பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுப்பதாக இருந்தால் மாதவிலக்கு தொடங்கிய முதல் 14 நாளுக்குள் எடுங்கள் என்று கணவரோடு சேர்ந்து 1952இல் எழுதினார். டாக்டர்கள் பலர் எரிச்சலானார்கள். பிற்காலத்தில் அது பத்து நாள் விதியாக எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வந்தது. "நாள் தள்ளிப்போயிருக்காம்மா?" என்று கேட்டு எத்தனை பேரிடம் முறைப்பு வாங்கியிருப்பேன்! கேள்வியின் ஊர் இது.

லியானே ஒய் குரோமோசோம்தான் ஆண்பாலை முடிவு செய்கிறது என்பதை எலியில் காட்டியவர்களில் ஒருவர். அப்புறம் டென்னசியின் காட்டாறுகளைக் காப்பாற்ற ஒரு அமைப்பை உருவாக்கி ஓடியாடி வேலை செய்தார். 2019இல் காலமானார்.

மாலையில் கிளிஞ்ச் ஆற்றங்கரையில் கொஞ்ச நேரம். ஆய்வகத்தின் கழிவு நீர் ஒயிட் ஓக் ஓடை வழியாக ஒரு ஏரியில் தேங்கி, அங்கிருந்து இந்த ஆற்றுக்கு வந்தது. 1950களில் அந்த ஏரியை வடித்துவிட்டு, சேற்றில் தானாக முளைத்த செடிகளையும் தாங்கள் விதைத்த பயிர்களையும் அளந்தார்கள். எந்தச் செடி கதிரியக்க ஸ்ட்ரான்ஷியத்தை எவ்வளவு இழுக்கிறது, எந்தப் பூச்சி அதைத் தின்கிறது என்று. ஸ்டான்லி ஆவர்பாக் அந்தக் குழுவை நடத்தினார். சூழலியல் என்ற துறை அமெரிக்க ஆய்வகங்களுக்குள் நுழைந்த வாசல்களில் இந்தச் சேறும் ஒன்று.

வெள்ளி, சியாட்டில் வழி ரிச்லாண்ட்

வியாழன் முழுக்க விமானத்திலும் விமான நிலையத்திலும் போனது, சொல்ல வேண்டாம்.

சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தைச் சுற்றி வந்தோம். 1943இல் இங்கே லாரன் டொனால்ட்சன் என்ற மீன் ஆய்வாளரிடம் ராணுவம் ஒரு வேலையைக் கொடுத்தது: சால்மன் முட்டைக்கும் குஞ்சுக்கும் எக்ஸ்ரே கொடுத்து என்ன ஆகிறது என்று பார். எதற்காக என்று சொல்லவில்லை. ஆய்வகத்தின் பெயர்கூட 'பயன்பாட்டு மீன்வள ஆய்வகம்' என்று சப்பென்று இருந்தது. மலைகளுக்கு அப்பால் கொலம்பியா ஆற்றங்கரையில், ஹான்போர்டு என்ற இடத்தில், புளூட்டோனியம் உலைகள் எழுந்துகொண்டிருந்தன. அமெரிக்காவின் பெரிய சால்மன் ஆறுகளில் ஒன்று அது. மீன் செத்து மிதந்தால் ரகசியமும் மிதந்துவிடும் என்ற பயமும் இருந்திருக்கும், என் ஊகம்.

மலை இறங்கியதும் பச்சை தீர்ந்துபோயிற்று. வெறும் சேஜ் புதரும் மண்ணும். மருமகன் "ராமநாதபுரம் மாதிரி இருக்கு மாமா" என்றான். குளிர்தான் ஒத்துவரவில்லை.

சனி, பி உலை

இங்கே குடியுரிமை கேட்கவில்லை! தேசியப் பூங்காத் துறை இலவசமாகவே பஸ்ஸில் கூட்டிப்போனது. பஸ் முக்கால் மணி நேரம் ஓடியது. வழியில் பள்ளிக்கூடத்தின் வெற்றுச் சுவர் ஒன்று. 1943இல் ஹான்போர்டு, ஒயிட் பிளஃப்ஸ் ஊர்க்காரர்களை, சுமார் 1,500 பேரை, சில வாரங்களில் கிளம்பச் சொன்னதன் மிச்சம். ஆற்றோடு வாழ்ந்த வானபம் பழங்குடியினரும் தங்கள் மீன்பிடி இடங்களை இழந்தார்கள்.

உலையின் முகத்துக்கு முன்னால் நின்றபோது எங்கள் பஸ்ஸே பேச்சை நிறுத்தியது. 2,004 குழாய் வாய்கள், மூன்று மாடி உயரத்துக்கு ஒரு இடியாப்ப அச்சு. 1944 செப்டம்பர் 26 அன்று இது ஓடத் தொடங்கியது, நாகசாகிக் குண்டின் புளூட்டோனியம் இங்கே ஹான்போர்டில் உண்டானதுதான். குளிர்விக்க நிமிடத்துக்கு 75,000 காலன் ஆற்று நீர். ஒரு பக்கம் நுழைந்து, யுரேனியத்தை ஒட்டி ஓடி, தொட்டியில் சில மணி நேரம் ஆறி, மறுபடி ஆற்றுக்கே. இந்த மாதிரி எட்டு உலைகள் கடைசியில்.

அந்த நீரில் என்ன இருக்கிறது என்று பார்க்க, 1945இல் ரிச்சர்ட் ஃபாஸ்டர் என்ற இளைஞர் எஃப் உலைக்குப் பக்கத்தில் மீன் தொட்டிகளை வைத்தார். டொனால்ட்சனின் மாணவர். உலை நீரை ஆற்று நீரோடு வெவ்வேறு விகிதத்தில் கலந்து குஞ்சுகளை விட்டார். கலக்காத நீரில் குஞ்சுகள் தாங்கவில்லை. அதில் சூடும், குழாய் துருப்பிடிக்காமலிருக்கச் சேர்த்த டைக்குரோமேட்டும் கதிரியக்கத்தைவிடப் பெரிய எதிரிகள். ஆனால் வேறொன்று தெரிந்தது. நீரில் மிகக் குறைவாக இருந்த கதிரியக்கப் பாஸ்பரஸ்-32, பாசியில் சேர்ந்து, பூச்சியில் ஏறி, மீனில் பல்லாயிரம் மடங்காகக் குவிந்திருந்தது. ஆற்றோரப் பறவைகளின் முட்டையில் இன்னும் கூட. தண்ணீரை மட்டும் அளந்து 'பரவாயில்லை' என்று சொல்ல முடியாது, உண்பவரை அளக்க வேண்டும் என்ற பாடம் இந்தக் கரையில் படித்தது. 1960களில் ஹான்போர்டு ஊழியர் ஒருவர் உடலில் உள்ள கதிரியக்கத்தை அளக்கும் கருவியில் படுத்தபோது, உலை நீரிலிருந்து வந்த துத்தநாகம்-65 காட்டியது. அவர் எந்த விபத்திலும் சிக்கவில்லை, கடற்கரையில் வில்லாபா விரிகுடா சிப்பி சாப்பிட்டிருந்தார். அவ்வளவு தூரம் ஆறு கொண்டுபோயிருக்கிறது.

தன் சிப்பிக் கணக்கு தெரிய அந்த ஊழியருக்கு ஒரு கருவி இருந்தது. ஆற்று மீனையே தினச் சாப்பாடாகக் கொண்ட யாகமா, நெஸ் பெர்ஸ் பழங்குடிக் குடும்பங்களுக்கு?

ஞாயிறு, ஒயிட் பிளஃப்ஸ்

ஆற்றின் இந்தக் கரை இப்போது தேசியச் சின்னம், 2000ஆம் ஆண்டு முதல். மேட்டின் மேல் நின்றால் எதிர்க்கரையில் உலைகள் வரிசையாகத் தெரிகின்றன. பலவற்றைச் சுற்றிலும் கட்டடத்தை இடித்துவிட்டு, உலையை மட்டும் தகரக் கூரை போட்டு மூடி, கதிரியக்கம் தணியும்வரை காத்திருக்கிறார்கள்.

எஃப் உலைப் பக்கம்தான் அந்தக் காலத்தில் விலங்குப் பண்ணை. 1950 முதல் செம்மறி ஆடுகளுக்குத் தினமும் அயோடின்-131 தீவனத்தில் கலந்து கொடுத்துத் தைராய்டு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். லியோ பஸ்டாட் என்ற கால்நடை மருத்துவர் பொறுப்பு. பன்றிகள், பீகிள் நாய்கள் எல்லாம் உண்டு. முதலைகளும்! அமெரிக்க முதலைக் குட்டிகள் சில வேலி தாண்டி ஆற்றுக்குள் போய், ஒன்று தூண்டில்காரர் கையில் மாட்டியது. மருமகன் நம்பவில்லை, நான் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது.

ஆட்டுக்கு ஏன் அயோடின்? புளூட்டோனியத்தைப் பிரிக்க எரிபொருளை அமிலத்தில் கரைக்கும்போது அயோடின்-131 புகைபோக்கி வழியே போகும். அரை ஆயுள் எட்டு நாள் என்பதால், எரிபொருளைப் பல வாரம் ஆறவிட்டுக் கரைத்தால் குறையும். போர்க்காலத்தில் ஆறவிட நேரமில்லை. 1944 கடைசியிலிருந்து வெளியேறியது மொத்தம் 7 லட்சம் கியூரிக்கும் (கதிரியக்கத்தின் அலகு) மேல், அதில் பெரும்பகுதி 1945 ஒரே வருடத்தில். புல்லில் விழும், மாடு மேயும், பாலில் வரும், பிள்ளைகளின் தைராய்டில் தங்கும். பாதுகாப்புப் பிரிவின் தலைவர் ஹெர்பர்ட் பார்க்கர் இங்கிலாந்துக்காரர், கறாரானவர். அவர் ஆட்கள் சேஜ் புதரைப் பறித்து அளந்தார்கள், அவர் எச்சரித்து எழுதினார், ஆறவிடும் காலம் நீண்டது. ஆள் தன் வேலையைச் செய்தார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்படியிருந்தும் 1949 டிசம்பர் 2 இரவு நடந்தது வேறு. சோவியத் அப்போதுதான் முதல் குண்டை வெடித்திருந்தது. அவர்களின் ஆலைப் புகையைத் தூரத்திலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று பழகிப் பார்க்க, வெறும் 16 நாள் ஆறிய எரிபொருளை வேண்டுமென்றே கரைத்தார்கள். வடிகட்டியைக் கழற்றிவிட்டார்கள். ஏறத்தாழ 8,000 கியூரி அயோடின் வெளியேறியது. வானிலை கணித்தபடி இல்லை, புகை சுற்றுவட்டாரத்திலேயே தங்கிவிட்டது. 'பச்சை ஓட்டம்' என்று இதற்குப் பெயர். பால் குடிக்காதீர்கள் என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. 1986இல் 19,000 பக்க ஆவணங்கள் வெளியான பிறகே கீழ்க்காற்றில், அதாவது புகை போன காற்றின் திசையில், வாழ்ந்தவர்களுக்குத் தெரிந்தது, அன்று பால் குடித்த பிள்ளைகளுக்கு அப்போது நாற்பது வயது.

2000இல் அமெரிக்கா அணு ஆயுதத் தொழிலாளர்களுக்கு இழப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தது. பேட்ஜ் பதிவுகள் அதற்கு ஆதாரமாகின்றன. நெவாடா அணுகுண்டுச் சோதனையின் கீழ்க்காற்று மக்களுக்கு 1990 சட்டம் உண்டு. ஹான்போர்டின் கீழ்க்காற்று மக்கள் இரண்டிலும் இல்லை, நீதிமன்றத்தில் பல்லாண்டு இழுத்தடித்ததுதான் மிச்சம்.

வெர்னிட்டா பாலத்துக்குக் கீழே படகு படகாகத் தூண்டில்காரர்கள். இலையுதிர்காலச் சினூக் சால்மன் முட்டையிட ஏறும் சமயம். ஒருவர் தூக்கிக் காட்டிய மீன் என் மருமகனின் பாதி உயரம். சாப்பிடலாமா என்று கேட்டேன். "கடல்லேர்ந்து வர்ற மீன், தாராளமா. இங்கேயே கிடக்கும் மீனுக்கு மாநிலச் சுகாதாரத் துறையின் எச்சரிக்கைப் பலகையைப் பாருங்க" என்றார் (ஆங்கிலத்தில்தான்).

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. பி உலைக்கு ஏப்ரல் முதல் நவம்பர் வரைதான் பஸ், பழுது வேலை நடந்தால் மூடியிருக்கும், பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள். ரிச்லாண்டின் பார்வையாளர் மையத்தில் பதிவு, காசு இல்லை. ஓக் ரிட்ஜ் பஸ்ஸுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். ஆனால் கே-25 வரலாற்று மையமும் நகர அருங்காட்சியகமும் எல்லாருக்கும் திறந்திருக்கின்றன. ஓட்டாவா சிலைக்கு அரை நாள் போதும். ரிச்லாண்டில் சைவச் சாப்பாடு சிரமம், சியாட்டிலிலேயே ரசப்பொடி வாங்கிக்கொள்ளவும்.